ஒரே ஆட்டத்தில் முடிந்துபோகும் ஆண்டு

குறுவட்டக் கபடிப் போட்டிக்கு 16 பள்ளிகள் பெயர் கொடுத்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். நாக் அவுட் முறையில் மொத்தம் 15 ஆட்டங்கள். முதல் சுற்றோடு 8 பள்ளிகள் மூட்டை கட்டிவிடும். அவற்றுக்குக் கிடைத்தது தலா ஓர் ஆட்டம். அடுத்த சுற்றில் வெளியேறும் 4 பள்ளிகளுக்கு இரண்டு. கோப்பையைத் தூக்கும் அணிகூட ஆடுவது நான்கே ஆட்டம். பள்ளி திறப்பது ஜூனில். குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில். முதல் சுற்றில் தோற்ற பிள்ளை பள்ளி அணியின் பனியனைப் போட்டுக்கொண்டு மறுபடி கோட்டுக்குள் இறங்க அடுத்த ஜூலை வர வேண்டும். அதற்குள் வயதுப் பிரிவு மாறிவிடும், இல்லையென்றால் பத்தாம் வகுப்பு வந்துவிடும். பள்ளி விளையாட்டு ஏன் தழைக்கவில்லை என்ற பேச்சு எழுந்தால் மைதானம் இல்லை, பணம் இல்லை, பெற்றோர் விடுவதில்லை என்று அடுக்குகிறோம். மூன்றும் உண்மைதான். ஆனால் போட்டி அட்டவணையே பாதிப் பிள்ளைகளை ஓர் ஆட்டத்தோடு அனுப்பிவிடுகிறது என்பதை நாம் கணக்கில் எடுப்பதே இல்லை.

நடைமுறை தெரியாதவர்களுக்காக: தமிழ்நாட்டில் பள்ளி விளையாட்டு படிப்படியாக ஏறும். சுற்றுவட்டாரப் பள்ளிகள் சேர்ந்தது குறுவட்டம். அங்கே ஜெயித்தால் வருவாய் மாவட்டம். அதன் பிறகு குடியரசு தினம், பாரதியார் தினம் என்ற பெயர்களில் நடக்கும் மாநிலப் போட்டிகள். அதற்கும் மேலே, 1954இல் தொடங்கிய இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பின் தேசியப் போட்டிகள். பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஜூனியர், பதினேழுக்குட்பட்டோர் சீனியர், பத்தொன்பதுக்குட்பட்டோர் சூப்பர் சீனியர். குறுவட்டப் போட்டி நடக்கும் காலையைப் பார்த்தால் அமைப்பின் சுபாவம் புரிந்துவிடும். சுண்ணாம்புக் கோடு காய்வதற்குள் பி.டி. சார்கள் ஒரு மேஜையைச் சுற்றி நின்று எமிஸ் என்ற மாணவர் பதிவு எண்ணையும் பிறந்த தேதியையும் சரிபார்க்கிறார்கள். சீட்டு குலுக்கி லாட் எடுக்கிறார்கள். ஒரு பள்ளிக்கு ஆடாமலே அடுத்த சுற்றுக்குப் போகும் 'பை' விழுகிறது, வராத பள்ளியால் இன்னொன்றுக்கு 'வாக் ஓவர்'. கபடி, கோ கோ, வாலிபால், எறிபந்து, வளையப்பந்து என்று வரிசை நீள்வதால், இருட்டுவதற்குள் முடிக்க ஆட்ட நேரத்தையும் சுருக்கிவிடுகிறார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. வெற்றியாளர் யார் என்று மாலைக்குள் மாவட்டத்துக்குச் சொல்லியாக வேண்டும். அதற்கு நாக் அவுட்டை விடச் சிக்கனமான வழி கிடையாது. சல்லடை என்ற வகையில் அது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் பள்ளி விளையாட்டு முழுவதையும் சல்லடையின் வேலையாக்கிவிட்டோம்.

இன்னொரு சிக்கல் வரைபடத்தில் இருக்கிறது. அதைப் பார்க்க தாம்பரத்துக்கு மேற்கே திருமுடிவாக்கம்போல் பொருத்தமான ஊர் இல்லை. சிட்கோ தொழிற்பேட்டையும் வெளிவட்டச் சாலையும் வந்தபின் நகரோடு ஒட்டிப்போன ஊர் அது. ஒரு பக்கம் திருநீர்மலை, பம்மல், அனகாபுத்தூர், மறுபக்கம் குன்றத்தூர். வேலை, கடை, டியூஷன், சினிமா எல்லாவற்றுக்கும் மக்கள் இரு பக்கமும் போய்வருகிறார்கள். ஆனால் 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானபோது பல்லாவரமும் தாம்பரமும் அந்தப் பக்கம் போயின; திருமுடிவாக்கம் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே தங்கிவிட்டது. அதுவரை எல்லாமே ஒரே மாவட்டம். இன்று திருமுடிவாக்கத்துப் பிள்ளைகளும் ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கும் பம்மல் பிள்ளைகளும் பள்ளி அணிகளாகச் சந்திக்க வேண்டுமானால், இரண்டு அணிகளுமே தத்தம் மாவட்டத்தில் முதலிடம் பிடித்து மாநிலப் போட்டிக்கு வர வேண்டும். அதே சமயம் திருமுடிவாக்கத்துப் பிள்ளைகளுக்கான மாவட்டத் தலைநகரமோ சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி. வருவாய்த் துறை நிலப் பட்டாவுக்காகப் போட்ட கோடு, யார் யாரோடு வாலிபால் ஆடுவது என்பதையும் தீர்மானிக்கிறது.

இதற்கு மாற்று ஒன்றும் கனவல்ல. அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளிகள் 'கான்ஃபரன்ஸ்' என்ற பெயரில் தங்களுக்குள் கூட்டணி அமைத்துக்கொள்கின்றன. பேருந்தில் போய் ஆடிவிட்டு இரவுக்குள் திரும்பக்கூடிய தூரத்தில் உள்ள சில பள்ளிகள் ஒப்பந்தம் செய்து, ஒவ்வொரு பருவத்திலும் ஒன்றோடொன்று ஆடுகின்றன. மாநிலச் சங்கங்கள் பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படி வகுப்புகளாகப் பிரிக்கின்றன. மாநில நாக் அவுட் அதற்குப் பிறகுதான் வரும். 2023-24 கல்வியாண்டில் அங்கே உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளில் பங்கேற்றோர் கணக்கு 80 லட்சத்தைத் தாண்டியது. பணக்கார நாடு, நமக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். யாழ்ப்பாணத்தைப் பாருங்கள். மத்திய கல்லூரி, பரி யோவான் கல்லூரி என்ற இரு பள்ளிகளும் 1904இல் தொடங்கிய கிரிக்கெட் போட்டி, 'வடக்கின் பெருஞ்சமர்' என்று ஊரே கூடிப் பார்க்கும் விழாவாகிவிட்டது. போரும் இடப்பெயர்வும் கண்ட ஊர் அது. அங்கே ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தியது பணமில்லை. போன ஆண்டு தோற்றவர்களோடு இந்த ஆண்டும் மோதுவோம் என்ற நிச்சயம்.

தெற்குச் சென்னைக்கு என் கணக்கு இதுதான். குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை, அனகாபுத்தூர், பம்மல், பல்லாவரம் வட்டாரத்திலிருந்து 8 பள்ளிகள். ஒவ்வொன்றும் மற்ற ஏழோடும் ஒருமுறை ஆடினால் 28 ஆட்டங்கள், ஒரு பள்ளிக்கு 7. மாதம் இரண்டு சனிக்கிழமைகள் எடுத்தால் ஜூலையில் தொடங்கி அக்டோபருக்குள் முடித்துவிடலாம். மார்ச் மாதப் பொதுத்தேர்வைத் தொடவே தொடாது. மைதானம்? கிரிக்கெட்டை விட்டுவிடுங்கள். ஆண்கள் கபடிக்கான ஆடுகளம் 13 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம். வாலிபால் கோட்டு 18க்கு 9. காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகள் நிற்கும் இடத்திலேயே இரண்டில் ஒன்று அடங்கும். பி.டி. சாரின் நேரம்தான் உண்மையான நெருக்கடி. பல பள்ளிகளில் ஒருவர்தான், சிலவற்றில் அவரும் கிடையாது. அவரைத் தேர்தல் வேலைக்கும் சீருடைக் கணக்குக்கும் இழுத்துக்கொண்டே லீக்கும் நடத்தச் சொன்னால் நடக்காது. நடுவர் வேலைக்கு அந்தந்த ஊர்க் கபடிக் குழுக்களின் பழைய ஆட்டக்காரர்களை அழைக்கலாம். இந்தப் பகுதியில் அவர்களுக்குப் பஞ்சமில்லை.

பலமான பள்ளிகளிடம் அரசுப் பள்ளி ஏழு முறையும் உதை வாங்குமே என்பது நியாயமான கேள்வி. ஒரு தோல்வியாவது மறந்துபோகும், ஏழு தோல்வி மனதை உடைத்துவிடும். இதற்கு விடை சென்னைக் கிரிக்கெட்டிலேயே இருக்கிறது. இங்கே கிளப் லீக் பல டிவிஷன்களாக நடக்கிறது. கீழே முதலிடம் பிடித்தவர் மேலே போவார், மேலே கடைசியில் நின்றவர் கீழே வருவார். லீக்கில் பள்ளிகள் கூடியபின் அவற்றையும் அப்படி இரண்டு அடுக்காக வைத்தால், கடைசிச் சனிக்கிழமை வரை எல்லா அணிக்கும் போராட ஏதாவது இருக்கும். ஜப்பானைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. 1915இல் தொடங்கிய கோஷியன் பேஸ்பால் போட்டி முழுக்க நாக் அவுட்தான், அங்கே பள்ளி விளையாட்டு நாட்டையே கட்டிப்போடுகிறதே என்பார்கள். ஆனால் ஜப்பானியப் பள்ளி அணி ஆண்டு முழுவதும் ஏறக்குறைய தினமும் பயிற்சி எடுக்கிறது, வார இறுதிகளில் பக்கத்துப் பள்ளிகளோடு பயிற்சி ஆட்டம் ஆடுகிறது. அங்கே நாக் அவுட் பருவத்தின் உச்சி. இங்கே அதுவேதான் பருவம்.

திறமைசாலியைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம், தோற்கும் அணிகளுக்கு எதற்கு ஏழு ஆட்டம் என்ற வாதமும் நிற்காது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்திய மகளிர் கபடி அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். அந்த மறுகுடியமர்வுப் பகுதியில் இயங்கும் ஒரு கபடிக் குழுவில் நாள்தோறும் ஆடி வந்தவர் அவர். விடாமல் ஆடக் கிடைத்த இடத்தில்தான் திறமை வெளியே தெரிந்தது. விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு 3 சதவீதம் இருக்கிறது, கல்லூரி இடமும் இருக்கிறது. ஆனால் அந்தக் கதவுகளைத் திறக்கும் சான்றிதழ் மேல்படிகளில்தான் கிடைக்கிறது. அதுவரை ஏற ஒரு பிள்ளைக்கு ஆட்டங்கள் வேண்டாமா?

கான்ஃபரன்ஸ் முறையிலும் கோளாறு வரும் என்பதை மறைக்கத் தேவையில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் தொலைக்காட்சிப் பணத்துக்கு ஆசைப்பட்டு, லாஸ் ஏஞ்சலஸ் அணியையும் நியூ ஜெர்சி அணியையும் 2024 முதல் ஒரே கான்ஃபரன்ஸில் கட்டிப்போட்டிருக்கின்றன. கண்டத்தையே குறுக்காகக் கடந்து போய் ஆட வேண்டிய நிலை. பக்கத்து ஊர் என்ற ஆதாரத்தை விட்டால் முறை கெடும் என்பதற்கு அதுவே சாட்சி. நம் லீக்கில் அந்தத் தூரம் பிரச்சினையில்லை. பேருந்தில் அரை மணி நேரப் பயணம். நம்மைத் தடுப்பது வேறு. குன்றத்தூர்ப் பள்ளி பல்லாவரத்துக்கு ஆடப் போக இரண்டு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். வழியில் பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, மாணவிகளோடு எந்த ஆசிரியை போவார், பேருந்துக் காசு எந்தக் கணக்கில் என்பதெல்லாம் முன்கூட்டியே எழுத்தில் இருந்தால்தான் எந்தத் தலைமையாசிரியரும் கையெழுத்துப் போடுவார். குறுவட்டப் போட்டியைத் தொட வேண்டியதில்லை. அது வழக்கம்போல் நடக்கட்டும். இரண்டு மாவட்ட உடற்கல்வி ஆய்வாளர்களும் ஒரு மேஜையில் உட்கார்ந்து, 8 பள்ளிகளுக்கு, கபடிக்கும் வாலிபாலுக்கும் மட்டும், ஒரே ஓர் ஆண்டுக்கு அனுமதி கேட்டு எழுதினால் ஆரம்பத்துக்குப் போதும்.