தொப்பி எங்கே போயிற்று?

சனிக்கிழமை காலை. தாம்பரத்திலோ குரோம்பேட்டையிலோ உங்கள் வீட்டுக் கூடம். பரண் மேல் தூங்கிக் கொண்டிருந்த ஆம்ப்ளிஃபயரை இறக்கித் தூசி தட்டி, இரண்டு ஸ்பீக்கர்களையும் மாட்டி, பழைய கச்சேரிப் பதிவு ஒன்றைப் போடுகிறீர்கள். பாட்டு வருகிறது, வயலினும் வருகிறது. ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கும் மாமியார் மெள்ளக் கேட்கிறார்: "ஏம்மா, மிருதங்கக்காரர் இன்னும் வரவில்லையா?"

"ஸ்பீக்கர் போய்விட்டது. புதிசுதான் வாங்கணும்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, ரிச்சி தெருவுக்குப் போக மின்சார ரயிலைப் பிடிக்கக் கிளம்புகிறார் வீட்டுக்காரர். அவரைச் சற்று நிறுத்துங்கள்! முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்பீக்கரை அல்ல, கம்பியை.

மிருதங்கத்தின் இடப்பக்கம் தொப்பி. அதில் ரவையைப் பிசைந்து அப்புவது கனத்த நாதம் வருவதற்காகத்தான். அந்தக் கனம்தான் இப்போது காணாமல் போயிருக்கிறது.

காரணம் என்ன? திருகையை இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சுற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒருத்தி ஒரு பக்கமாகவும் மற்றவள் எதிர்ப்பக்கமாகவும் சுற்றினால் மாவு விழுமா? ஸ்பீக்கர்களும் அப்படியே. ஒன்றில் மட்டும் கம்பிகள் இடம் மாறியிருந்தால், ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். கனத்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் உலகச் சந்தைக்கு வந்ததே 1958-ஆம் ஆண்டு வாக்கில்தான். அதற்கு முந்திய பதிவுகளில் இரு ஸ்பீக்கர்களுக்கும் ஒரே ஒலி போவதால், நஷ்டம் இன்னும் அதிகம்.

சரி செய்வது உங்கள் கையில்தான் இருக்கிறது. முதலில் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தி, ப்ளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஸ்பீக்கர் கம்பி இரட்டையாக வரும். ஒன்றின் மேல் கோடோ எழுத்தோ இருக்கும். அல்லது ஒன்று செம்பு நிறமாகவும் மற்றது வெள்ளி நிறமாகவும் இருக்கும். அடையாளம் உள்ளதை ஆம்ப்ளிஃபயரிலும் சிவப்பு முனையில் மாட்டுங்கள். ஸ்பீக்கரிலும் சிவப்பில் மாட்டுங்கள். மற்றது இரு இடத்திலும் கறுப்புக்கு. அவ்வளவுதான்!

ஸ்பீக்கரில் நிறமே அழிந்து போயிற்றா? 1.5 வோல்ட் டார்ச் பாட்டரி ஒன்றை எடுத்து, ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கரின் முனைகளில் ஒரு விநாடி தொட்டு எடுங்கள். பெரிய காகிதக் கூம்பு முன்னே துள்ளினால், பாட்டரியின் கூட்டல் குறிப் பக்கம் தொட்ட முனைதான் சிவப்பு.

இடம் மாறிய கம்பியால் எதுவும் எரிந்து போகாது. ஆனால் நுனியில் பிரிந்து நிற்கும் ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டால் போதும், ஆம்ப்ளிஃபயரே புகைந்து போகலாம். ஆகவே மேலுறையை அரை அங்குலம் மட்டும் சீவி, இழைகளைத் திரி போல் முறுக்கிச் செருகுங்கள்.

சமையலறையிலும் பாட்டு இருந்தால் தேவலை என்று தோன்றும், நியாயந்தான். ஆனால் 8 ஓம் ஸ்பீக்கரோடு இன்னொரு 8 ஓம் ஸ்பீக்கரை அதே முனைகளில் சேர்த்தால், ஆம்ப்ளிஃபயருக்குத் தெரிவது 4 ஓம்தான். மின்னோட்டம் கூடும், பெட்டி கொதிக்கும். அதன் முதுகில் 4 ஓம் தாங்கும் என்று போட்டிருந்தால் மட்டும் துணியுங்கள்.

எல்லாம் முடிந்ததா? அதே பாட்டை மறுபடி போடுங்கள். இரு ஸ்பீக்கர்களுக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தால், பாடுபவரின் குரல் நட்ட நடுவிலிருந்து வர வேண்டும். தொப்பி 'தொம்' என்று நெஞ்சில் விழ வேண்டும்.

ஊஞ்சல் பக்கமாக ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரின் கை தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டதென்றால், மிருதங்கக்காரர் வந்துவிட்டார் என்று அர்த்தம்!