மின்சாரம் எங்கே நிற்க வேண்டும்?

வார்டில் ஒரு மின்கெட்டில் பழுதானால் அந்த வார்டின் மின்சாரம் மட்டுமே நிற்க வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவு இருளக் கூடாது. இதைக் காப்பவை பாதுகாப்பு ரிலேக்கள். பழுதுக்கு அருகிலுள்ள பிரேக்கர் முதலில் துண்டிக்கும்; பிரதான மின்பலகையின் ரிலே ஏறத்தாழ 0.3 நொடி பொறுத்திருந்து, பழுது நீங்காவிடில் மட்டுமே செயல்படும். அந்தப் பொறுமை குறைந்தால் மருத்துவமனையே இருளும். மிகுந்தால் மின்வடம் எரியும். ஆகவே பொறியாளர்கள் அளந்த சோதனை மின்னோட்டத்தைச் செலுத்தி, துண்டிக்கும் நேரத்தைச் சரிபார்த்துத் திருத்துகின்றனர். நாங்கள் மருந்தளவைத் திருத்துவதைப் போல.

வீட்டிலும் இக்காவல் தேவை. ஆக்சிஜன் கருவி வைத்திருப்போர் மாதம் ஒருமுறை, நோயாளியைச் சிலிண்டருக்கு மாற்றிய பின், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் நிற்காவிடில், உடனே மின்பணியாளரை அழைக்க வேண்டுகிறோம்.