புலம்பெயரும் தாயும் தங்கிவிடும் தாயும்



போர் மூண்ட நாட்டைவிட்டு ஒரு பெண் வெளியேறினால், "ஆபத்தில் நாட்டைக் கைவிட்டாளே" என்பார் சிலர். அவள் அங்கேயே தங்கிவிட்டால், "பிள்ளைகளைப் பற்றி நினைக்கவில்லையே" என்பார் வேறு சிலர். இப்படித் தீர்ப்பிடுமுன் உக்ரைன் நாட்டுப் பெண்களின் நிலையைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

2022 பிப்ரவரி 24 அன்று இரஷ்யா உக்ரைன்மீது முழு அளவில் படையெடுத்தது. அன்றே அங்கு இராணுவச் சட்டம் அமலுக்கு வந்தது. 18 முதல் 60 வயது வரையுள்ள ஆண்களில் பெரும்பாலோர் நாட்டைவிட்டு வெளியேறத் தடை விதிக்கப்பட்டது. எனவே எல்லையைக் கடந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. மார்ச் 4 அன்று ஐரோப்பிய ஒன்றியம் இவர்களுக்குத் தற்காலிகப் பாதுகாப்பு அளிக்க முடிவு செய்தது. தங்கவும், வேலை செய்யவும், பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கவும் வழி பிறந்தது. குண்டுச் சத்தத்தின் நடுவே பிள்ளை வளரக்கூடாது என்றே பல தாய்மார் புறப்பட்டனர். மகனுக்கு 18 வயது நிறையுமுன் அவனை அழைத்துச் சென்றவர்களும் உண்டு. 18 முதல் 22 வயது வரையுள்ள ஆண்களுக்கு அத்தடை 2025 ஆகஸ்டில்தான் தளர்த்தப்பட்டது.

தங்கியவர்களுக்கும் காரணங்கள் உண்டு. படுத்த படுக்கையாய் இருக்கும் பெற்றோரை யார் கவனிப்பது? போர்முனையிலிருந்து விடுப்பில் வரும் கணவரை வரவேற்க யார் இருப்பது? மருத்துவமனையிலும் பள்ளியிலும் யார் பணிசெய்வது? வெளிநாட்டில் பிழைக்கப் பணமோ மொழியோ இல்லாதவர்களும், சென்று திரும்பி வந்தவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள்.

2022 மார்ச் 25 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் இவ்விரு நாடுகளையும் அன்னை மரியாவின் மாசற்ற இதயத்திற்கு அர்ப்பணித்தார். அந்த அன்னைக்கு இரண்டு அனுபவமும் உண்டு. ஏரோதிடமிருந்து குழந்தையைக் காக்க யோசேப்புடன் இரவோடு இரவாக எகிப்துக்குச் சென்றார் (மத் 2:13-15). பின்னர் கல்வாரியில், சீடர்கள் பலர் ஓடிப்போன நேரத்தில், சிலுவையருகே நின்றார் (யோவா 19:25). புறப்பட்டதும் நின்றதும் தம் மகனுக்காகவே. அன்னையிடம் நாம் போற்றும் அன்பைத்தானே இப்பெண்களும் வாழ்ந்து காட்டுகிறார்கள்? அவர்களிடம் மட்டும் ஏன் கணக்குக் கேட்கிறோம்?

1983-க்குப் பின் ஈழத்திலிருந்து படகேறி வந்த தாய்மார் பலர் இன்றும் நம் தமிழகத்தின் மறுவாழ்வு முகாம்களில் வாழ்கின்றனர். அவர்களைச் சந்திக்கும்போது "ஏன் வந்தீர்கள்?" என்று கேட்க வேண்டாம். "அங்கே யாரை விட்டு வந்தீர்கள்?" என்று கேட்போம். அந்தப் பெயர்களை நம் செபமாலையில் சேர்த்துக்கொள்வோம்.