மிதிவண்டிக்குக் காவல்

கொல்லிமலையிலிருந்து படிக்க வரும் எம் போன்றோர்க்கு மிதிவண்டி அடிவாரம் வரைதான் துணை. காரவள்ளிக்கு மேல் 70 கொண்டை ஊசி வளைவுகள், மிதித்தேறுவது எளிதன்று. வார இறுதியில் நாங்கள் பேருந்தில் மலையேறிவிட, வண்டி அடிவாரத்தில் தனித்து நிற்கும். அதற்குக் காவல் எது?

பின்சக்கரப் பூட்டு மட்டும் போதாது. அது சக்கரத்தைச் சுழலவிடாது. ஆனால் வண்டியைத் தூக்கிச் செல்வதைத் தடுக்காது. முன்சக்கரத்தை மட்டும் தூணில் கட்டினாலோ, கள்வன் அதைக் கழற்றி விட்டுவிட்டு மற்றதைக் கொண்டு போவான். ஆகவே சங்கிலியைப் பின்சக்கரத்தினூடும் பிரேமினூடும் செலுத்தி, அசையாத தூணோடு பிணைக்க வேண்டும். பூட்டு தரையில் படாதிருத்தல் நலம். தரையில் கிடந்தால் சுத்தியலுக்கு இலக்காகும்.

விலையை மட்டும் நம்பலாகாது. 2004-இல் அமெரிக்காவில், உயர்ந்த விலைப் பூட்டுகள் சில பந்துமுனைப் பேனாக் குழாயாலேயே திறக்கப்பட்டன!

அசைத்தால் அலறும் அலாரங்களும் உண்டு. கேட்க ஆளுள்ள கடைவீதிக்கு அவை ஏற்றவை. ஆளரவமற்ற அடிவாரத்து இரவில் யார் கேட்பார்?

அரசு வழங்கும் விலையில்லா மிதிவண்டிகளோ பார்வைக்கு ஒன்றுபோலவே இருப்பவை. களவு போன வண்டி கிடைத்தாலும், அது நம்முடையதென மெய்ப்பிப்பது எப்படி? பிரேமில் பொறித்த எண்ணே சான்று. இருக்கையின் கீழுள்ள குழாயிலோ, பெடல் அச்சுக்கு அடியிலோ பாருங்கள். அதை இன்றே குறித்து வையுங்கள். புகார் மனுவில் முதலில் எழுத வேண்டியது அதுவே. பூட்டு கள்வனைத் தாமதப்படுத்தும். எண்தான் வண்டியை நம்மிடம் சேர்க்கும்.