ஆகாய விமானத்தின் ஜாதகம்

அமெரிக்காவில் மோட்டார் வண்டி வைத்திருப்பதைப் போலச் சொந்தத்தில் ஆகாய விமானம் வைத்திருப்பவர்கள் பலர் உண்டு. இரண்டு பேரோ நான்கு பேரோ உட்காரக்கூடிய, ஒற்றை இஞ்சின் பூட்டிய சிறு விமானங்கள் அவை. அவற்றில் அநேகம் நாற்பது, ஐம்பது வருஷங்களுக்கு முன் செய்யப்பட்டவை. இத்தனை பழைய யந்திரத்தை நம்பி எப்படி ஆகாயத்தில் ஏறுகிறார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். அந்த நம்பிக்கைக்குப் பாதி ஆதாரம் மெக்கானிக்கின் கை. மற்றப் பாதி ஒரு நோட்டுப் புஸ்தகம்.

அதை லாக் புஸ்தகம் என்பார்கள். விமானத்தின் ஜாதகம் என்று நாம் சொல்லத் துணிவோம். ஆனால் நம் வீட்டு ஜாதகம் வரப்போவதைச் சொல்வதாகப் பெயர். இது நடந்ததை மட்டுமே சொல்லும். விமானத்தின் உடலுக்கும், இஞ்சினுக்கும், முன்னால் சுழலும் புரொபெல்லருக்கும் தனித்தனிப் புஸ்தகம் வைப்பது வழக்கம். மொத்தம் எத்தனை மணி பறந்தது, எந்தத் தேதியில் யார் எதைக் கழற்றினார், எதை மாற்றினார் என்பதெல்லாம் அதில் ஏற வேண்டும். 12 மாதத்துக்கு ஒருமுறை, அதற்கென அதிகாரம் பெற்ற மெக்கானிக் விமானத்தைத் திறந்து பார்த்துக் கையொப்பமிட வேண்டும். கூலிக்கு ஆட்களை ஏற்றும் விமானத்துக்கும், சம்பளம் வாங்கிக்கொண்டு பைலட் தொழில் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளின் விமானத்துக்கும் இதுவன்றி 100 மணிக்கு ஒரு சோதனை உண்டு. இந்த 100 மணிச் சோதனையை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

சொந்தக்காரரே பைலட்டாக இருந்தால் சில்லறை வேலைகளை அவரே செய்யலாம். எண்ணெய் மாற்றலாம், டயர் மாற்றலாம், ஸ்பார்க் பிளக்குகளைச் சுத்தம் செய்யலாம். ஆனால் செய்த வேலை, முடித்த தேதி, தம் லைசென்ஸின் வகை, நம்பர் எல்லாவற்றையும் எழுதிக் கையொப்பமிட்டாக வேண்டும். அரைமணி வேலைக்கு இத்தனை எழுத்தா என்று அலுத்துக்கொள்பவர்கள் அங்கும் இருப்பார்கள். வருஷமெல்லாம் ஆஜர்ப் பட்டி எழுதிக் கை ஓய்ந்த உபாத்தியாயர்களாகிய நமக்கு அவர்கள்மேல் கொஞ்சம் அனுதாபம் தோன்றத்தான் செய்கிறது.

ஒரு வகை விமானத்தில் அபாயமான குறை தெரியவந்தால், சர்க்காரின் விமான இலாகா அந்த வகை முழுவதற்கும் உத்தரவு பிறப்பிக்கும். 1987-ல் செஸ்னா விமானங்களுக்கு வந்த உத்தரவு நாற்காலியைப் பற்றியது. பைலட்டின் நாற்காலி இரண்டு சட்டங்களின்மேல் முன்னும் பின்னும் நகரும். சட்டத்திலுள்ள துளையில் ஒரு முளை இறங்கி அதை நிறுத்தும். துளை தேய்ந்தால் முளை பிடிக்காது. விமானம் மூக்கைத் தூக்கிக்கொண்டு ஏறும் சமயத்தில் நாற்காலி பின்னால் வழுக்கினால், கைப்பிடியைப் பற்றியிருக்கும் பைலட் அதையும் கூடவே இழுத்துவிடுவார். அப்புறம் நடப்பதை விவரிக்க வேண்டியதில்லை. துளையின் தேய்மானத்தைக் குறித்த காலத்தில் சோதிக்க வேண்டும் என்பதே உத்தரவு.

இதைவிடக் கோரமான சம்பவம் 2018 ஏப்ரலில் பிளாரிடா மாகாணத்து டேட்டோனா பீச்சில் நடந்தது. பைலட் பயிற்சிக்கு உபயோகமான பைபர் விமானம் ஒன்று மேலே ஏறும்போதே அதன் இடது இறக்கை பிய்ந்துவிட்டது. மாணவரும், அவரைப் பரீட்சை செய்ய உடன் சென்றவரும் மாண்டார்கள். விமானம் 2007-ல் செய்தது. கிழம் என்று சொல்ல முடியாது. ஆனால் அது ஏறத்தாழ 7,700 மணி பறந்து, 33,000 தடவைக்கு மேல் தரையில் இறங்கியிருந்தது. இறக்கையைத் தாங்கும் உத்தரத்தில், போல்ட் துளையருகே, வெளிக்கண்ணுக்குத் தெரியாமல் விரிசல் வளர்ந்திருந்தது.

அந்த ஜாதி விமானங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எதற்கு ஆபத்து, எதற்கு இல்லை என்று எப்படிப் பிரிப்பது? 2021-ல் அமலுக்கு வந்த உத்தரவு அதற்குப் புஸ்தகத்தையே சாட்சிக்கு அழைத்தது. 100 மணிச் சோதனைகள் எத்தனை நடந்தன என்று முதலில் எண்ண வேண்டும். அத்தனை நூறு மணியும் மாணவர் கையிலோ கூலிக்கோ அடிபட்டுப் பறந்த மணி. ஆகவே முழுதும் கணக்கில் சேரும். மிச்ச மணியை 17-ஆல் வகுத்துச் சேர்த்தால் போதும். 9,000 மணி பறந்த இரண்டு விமானங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்றின் புஸ்தகத்தில் 100 மணிச் சோதனை ஒன்றுகூட இல்லை. அதன் கணக்கு 530 மணிக்குள் அடங்கும். மற்றதில் 80 சோதனைகள். அதன் கணக்கு 8,000-ஐத் தாண்டும். வரம்பு 5,000. பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்!

புஸ்தகம் தொலைந்துபோனாலோ, நடுவில் பக்கங்கள் குறைந்தாலோ அந்த விமானமும் சோதனைக்கு உட்பட வேண்டும். போல்ட்டுகளைக் கழற்றி, துளைக்குள் மின்சாரக் கருவியைச் செலுத்தி விரிசலைத் தேடுவார்கள். விரிசல் அகப்பட்டால் உத்தரத்தையே புதிதாக மாற்ற வேண்டும். புஸ்தகமில்லாத விமானத்துக்குச் சந்தையில் விலையும் இறங்கிவிடும். அதனால் ஜாதகத்தை விமானத்தில் வைக்காமல், வீட்டுப் பெட்டியில் பூட்டிவிட்டு, பக்கங்களைப் படம் பிடித்த பிரதியைத் தனியே பத்திரப்படுத்தும் சொந்தக்காரர்களும் இருக்கிறார்கள்.