மலாக்கா மாநகர் காண்போம்



கடலோர நகரமாகிய மலாக்கா, ஒரே நாளில் சுற்றிப் பார்க்கத்தக்க வரலாற்றுப் பாடநூலாகும். அந்நகரை வளர்த்தது பருவக்காற்று. தென்மேற்குக் காற்றில் இந்தியக் கப்பல்களும் வடகிழக்குக் காற்றில் சீனக் கப்பல்களும் அங்கு வந்தன. காற்றுத் திரும்பும்வரை வணிகர்கள் தங்கிப் பண்டமாற்றுச் செய்தனர். அச்செல்வத்தை நாடியே 1511இல் போர்த்துகீசியரும், 1641இல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் வந்தனர். போர்த்துகீசியர் கோட்டையின் வாயிலும், டச்சுக்காரரின் செந்நிறக் கட்டடங்களும், பூக்களால் அலங்கரிக்கப்பட்ட மூன்று சக்கர வண்டிகளும் கண்ணைக் கவரும். 2008இல் மலாக்கா உலகப் பாரம்பரிய நகரமாயிற்று.

தமிழர் நாம் தவறாது காணவேண்டியது, 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம். அதன் அருகிலேயே பள்ளிவாசலும் சீனர் கோயிலும் ஒற்றுமையுடன் விளங்குகின்றன. இவ்வாலயம் மலாக்காச் செட்டிகளுடையது. ரப்பர்த் தோட்டங்கள் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே இங்கு வந்த தமிழ் வணிகரின் வழித்தோன்றல்கள் அவர்கள். இன்று அவர்தம் வீட்டுமொழி மலாய். எனினும் சைவ சமயத்தைப் பல தலைமுறைகளாகப் போற்றிக் காத்து வருகின்றனர்.

இதில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. இந்நாட்டில் நம் வரலாறு பால்மரக் காட்டில் தொடங்கியதன்று. ஆகவே தலைநிமிர்ந்து நடப்போம். பேசாத மொழி பேரப்பிள்ளைகளிடம் நில்லாது. ஆகவே வீட்டில் நாள்தோறும் தமிழ் பேசுவோம்!