கைபேசி டார்ச்சும் சிக்னல் கேபினும்

சென்ற மாதம் ஓர் இரவு அணுசக்தி நகரில் எங்கள் பில்டிங்கில் கரண்ட் போய் லிஃப்ட் நின்றுவிட்டது. படியிறங்கிய என் மனைவி, கைபேசியில் டார்ச் செயலியைத் திறந்து பொத்தானை அழுத்தினாள். வெளிச்சம் வரவில்லை. மறுபடி அழுத்தியபோதுதான் வந்தது. அதற்குள் படி தவறி முழங்காலில் நல்ல அடி.

அந்தச் செயலி எங்கள் இளைய மகள் அம்மாவுக்காகவே எழுதிக் கொடுத்தது! கைபேசியிலேயே டார்ச் உண்டே என்பீர்கள். அந்தப் பொத்தான் சிறியது. இதில் திரை முழுவதும் ஒரே பொத்தான்.

ரயில்வே சிக்னல் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தவன் நான். பழுதின் காரணம் தெரியாவிட்டால் தூக்கம் வராது. மகளை உட்காரவைத்துக் கேட்டேன்.

இது 'ஹைப்ரிட்' செயலியாம். உள்ளே ஓடுவது ஒரு வலைப்பக்கம். ஒரு தடவை எழுதினால் ஆண்ட்ராய்டு, ஐஃபோன் இரண்டுக்கும் பெரும்பாலும் உதவும். ஆனால் அந்தப் பக்கம் நேராக விளக்கைத் தொடுவதில்லை. நடுவே 'பிளக்-இன்' என்ற இணைப்பு வேண்டும். அப்பாச்சி கார்டோவா என்ற இலவச மென்பொருள் இந்த ஏற்பாட்டைத் தருகிறது. பழைய கேபினை நினைத்துக்கொள்ளுங்கள். லீவரை இழுத்தால் கம்பி ஓடித் தொலைவில் உள்ள சிக்னல் கையை அசைக்கும். வலைப்பக்கம் லீவர், பிளக்-இன் கம்பி.

கம்பி மாட்டுமுன் லீவரை இழுத்தால் என்ன ஆகும்? அதுதான் நடந்தது. இணைப்பு தயாரானதும் கார்டோவா 'டிவைஸ்ரெடி' என்று சேதி சொல்லும். என் மகள் அதற்குக் காத்திராமல் பொத்தானைக் காட்டிவிட்டாள்.

இன்னொரு குறையும் கண்டேன். டார்ச் எரியும்போது கேமராவைத் திறந்தால் விளக்கு அணைகிறது. பொத்தானோ 'எரிகிறது' என்றே காட்டுகிறது. எங்கள் கேபினில் 'ரிப்பீட்டர்' இருக்கும். சிக்னல் உண்மையில் எப்படி நிற்கிறது என்று அதுதான் சொல்லும். லீவரை மட்டும் நம்பி வண்டி விட்டால் என்ன ஆவது! ஆண்ட்ராய்டிலும் விளக்கின் நிலையைத் திருப்பிச் சொல்லும் வசதி உண்டாம். இரண்டையும் ஒரே மாலையில் சரிசெய்தாள்.

முன்பு டார்ச் எரிய, செயலி கேமராவையே திறந்தாக வேண்டும். அதனால் கேமரா அனுமதி கேட்கும். 2015இல் வந்த ஆண்ட்ராய்டு 6.0 முதல் கேமராவைத் திறக்காமலே, அந்த அனுமதியும் இல்லாமலே விளக்கை ஏற்றலாம். நீங்கள் இருக்கும் இடம் எது என்ற தகவல் ஒரு டார்ச்சுக்கு எதற்கு? அமெரிக்காவில் 'பிரைட்டஸ்ட் ஃபிளாஷ்லைட்' என்ற இலவசச் செயலி, பயனாளர் இருக்குமிடத்தை விளம்பரக்காரர்களுக்கு அனுப்பிவந்தது. 2013 டிசம்பரில் அந்நாட்டு வணிக ஆணையம் அதன்மேல் நடவடிக்கை எடுத்தது. கோடிக்கணக்கானோர் இறக்கியிருந்த செயலி அது.

உங்கள் கைபேசியிலும் தனியாக டார்ச் செயலி இருந்தால், செட்டிங்ஸில் அதன் அனுமதிகளைத் திறந்து பாருங்கள். இருப்பிடம், தொடர்பு எண்கள் என்று ஏதாவது இருந்தால் யோசிக்காமல் நீக்கிவிடுங்கள்.